தொழிலாளர் கூட்டுறவு மறுபடி முதலாளி கம்பெனியாகத் திரியாமல் இருக்க மூலதனத்தை எப்படிக் கட்டுவது?

நெசவுத்தறி (கேள்வி)

முதலாளித்துவத்தை விமர்சிப்பதில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆலையில் உழைப்பவருக்கு அந்த ஆலையின் எதிர்காலம் பற்றி ஓட்டு இல்லை. அதைக் கண்ணால் பார்த்தே இராத பங்குதாரருக்கு உண்டு. ஒரு நாட்டில் கூலி உயர்ந்தால் மூலதனம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறது. ஊரால் அப்படிப் போக முடிவதில்லை. இதுவரை சரி. "அப்போ மாற்று என்ன?" என்று கேட்டால் மட்டும் "தொழிலாளர் கூட்டுறவு" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை விதமான கணக்கு ஒளிந்திருக்கிறது என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 40 பேர் வேலை செய்யும் இயந்திரப் பட்டறை. உரிமையாளர் ஓய்வு பெறுகிறார், வாரிசு இல்லை. தொழிலாளர்களே வாங்கி நடத்த நினைக்கிறார்கள்.

ஒருவருக்கு ஒரு ஓட்டு, சரி. சொத்து யாருடையது? பங்காகப் பிரித்தால் விலை ஏற ஏறப் புதிதாக வருபவர் வாங்க முடியாமல் கூலியாளாகவே நின்றுவிடுவார். பிரிக்கவே கூடாது, எல்லாம் பொது என்றால், இன்றைய வரும்படியை விட்டுக்கொடுத்துப் புது எந்திரம் வாங்க யார் கை தூக்குவார்? இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் தூக்க மாட்டார். வாங்குவதற்கான பணம் எங்கிருந்து வரும்? உறுப்பினர் அல்லாத கூலியாட்களை என்ன செய்வது? இவ்வளவும் செய்து ஒரு பட்டறையைக் காப்பாற்றினால் உலகச் சந்தையில் என்ன மாறும்?

துணைவிதியில் (கூட்டுறவு தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் விதிகள்) எழுதக்கூடிய அளவுக்குத் துல்லியமாகச் சொன்னால் உதவும்.

பேரேடு

நீங்கள் சொன்ன இரண்டு முனைகளும், அதாவது சொத்தைப் பங்காகப் பிரிப்பதும் எல்லாவற்றையும் பொதுவாக வைப்பதும், வரலாற்றில் நடந்து பார்த்தவை.

முதல் முனைக்கு அமெரிக்க வடமேற்கின் பிளைவுட் கூட்டுறவுகள். ஒலிம்பியா வெனீர் 1921இல் தொடங்கியது. பங்கு வைத்திருப்பவரே உறுப்பினர். பங்கைக் கிடைத்த விலைக்கு விற்கலாம். தொழில் செழித்தது, பங்கின் விலை சாதாரணத் தொழிலாளி தொட முடியாத உயரத்துக்குப் போனது. விலகியவர் இடத்துக்கு உறுப்பினர் வரவில்லை, கூலியாள் வந்தார். மிஞ்சியிருந்த கொஞ்சம் பேர் 1954இல் ஒரு பெரிய பிளைவுட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இதில் யாரும் துரோகம் செய்யவில்லை. விதியே அவர்களை அந்த வாசலில் கொண்டுபோய் விட்டது.

இரண்டாவது முனை யூகோஸ்லாவியா. 1950இல் சுயநிர்வாகச் சட்டம் வந்தது. ஆலை "சமூகச் சொத்து". தொழிலாளர் குழு நடத்தலாம், ஆனால் விலகும்போது யாருக்கும் எதுவும் வராது. உபரியை எந்திரத்தில் போட்டால் அது என் கையைவிட்டுப் போய்விடும். சம்பளமாக எடுத்தால் எனக்கு மிஞ்சும். ஆகவே சம்பளத்தைக் கூட்டு, முதலீட்டுக்கு வங்கியில் கடன் வாங்கு என்ற பக்கமே சாய்வு இருந்தது. பின்னாளில் வந்த கடன் சுமைக்கும் விலையேற்றத்துக்கும் வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தச் சாய்வும் அதில் சேர்த்தி.

நடுவழி என்பது உள் மூலதனக் கணக்கு. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொண்ட்ராகன் கூட்டுறவுகள் (முதலாவதான உல்கோர் 1956இல் தொடங்கியது) இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 1982இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் சட்டமாகவே எழுதியது. இதன் உயிர்நாடி, ஓட்டையும் பணத்தையும் இரண்டு தனி ஏட்டில் எழுதுவது. உறுப்பினர் உரிமைக்கு ஒரே ஒரு பங்கு, நிலையான விலை, விற்க முடியாது, அதோடு ஒரு ஓட்டு. பணம் தனிக் கணக்கில் ஏறும், இறங்கும். அதற்கு ஓட்டு இல்லை.

எண்களில் பார்ப்போம். சம்பளம், தேய்மானம் (எந்திரம் பழசாவதற்கு ஆண்டுதோறும் எழுதும் செலவு), வட்டி, வரி எல்லாம் போக ஆண்டு உபரி 1,000 (அலகு எதுவானாலும் சரி). அதில் 300 பிரிக்க முடியாத பொதுக் காப்பு நிதிக்கு. 100 கல்விக்கும் சமூகப் பணிக்கும். மீதி 600ஐ 40 பேரின் கணக்கில், வேலை செய்த மணி நேரத்தின் விகிதத்தில் எழுதுகிறோம். எல்லோரும் சம நேரம் உழைத்திருந்தால் தலைக்கு 15. இது ரொக்கமாகக் கையில் கொடுப்பதல்ல. கணக்கில் ஏறுகிறது, பணம் பட்டறைக்குள்ளேயே எந்திரமாகவும் சரக்காகவும் ஓடுகிறது. இருப்புக்குச் சிறு வட்டி தரலாம். அடுத்த ஆண்டு 400 நட்டம் என்றால் காப்பு நிதிக்கு அதே 30 சதவீதம் எதிர்த்திசையில்: 120 அதில் கழியும், மீதி 280 தனிக் கணக்குகளில், அதாவது தலைக்கு 7. ஒருவர் கணக்கில் இப்போது 8 இருக்கும். நட்டத்தைக் கணக்கில் இறக்காத கூட்டுறவில் இந்தக் கணக்குகள் வெறும் அலங்காரம்.

இனி ஓய்வு பெறப்போகிறவரும் எந்திரத்துக்குக் கை தூக்குவார், ஏனென்றால் அவர் விட்டுக்கொடுத்த உபரி அவர் பெயரில் நிற்கிறது. புதிதாக வருபவரும் 20 வருடச் சொத்தை வாங்க வேண்டியதில்லை, நுழைவுத் தொகை மட்டும்தான்.

எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, ஒரே தலைமுறை சேர்ந்து தொடங்கினால் ஒரே நேரத்தில் ஓய்வு பெறும். 40 பேரில் 15 பேர் மூன்று ஆண்டுக்குள் கணக்கை முடிக்கக் கேட்டால் நடைமுறை மூலதனம் (அன்றாடம் ஆலையை ஓட்டத் தேவையான பணம்) வற்றிவிடும். அதனால் முதல் நாளே துணைவிதியில் எழுதுங்கள்: விலகியவரின் இருப்பு 3 முதல் 5 ஆண்டுத் தவணையில், எந்த ஆண்டிலும் மொத்தப் பட்டுவாடா அந்த ஆண்டு உபரியில் பாதியைத் தாண்டாது, தாண்டினால் வரிசையில் காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி, உறுப்பினராக இருக்கும்போதே பழைய வரவுகளைச் சுழற்சியில் கொடுத்துவருவது. 6 ஆண்டு பழைய வரவு இந்த ஆண்டு ரொக்கமாகிறது, இந்த ஆண்டு வரவு உள்ளே வருகிறது. இப்படிச் செய்தால் யார் கணக்கும் வீங்காது.

இரண்டு, தேய்மானம். இருபது வருடம் முன்பு 100க்கு வாங்கிய எந்திரத்துக்குப் பழைய விலையில் தேய்மானம் எழுதிக்கொண்டே வந்தால், புதிது வாங்கும் நாளில் அதன் விலை 250. இடையில் "உபரி" என்று பங்கிட்டதில் ஒரு பகுதி உண்மையில் எந்திரத்தையே அறுத்துப் பங்கிட்டது. மாற்று விலையில் ஒதுக்கம் வைத்த பிறகுதான் மிச்சத்துக்கு உபரி என்று பெயர்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியம்: பொதுக் காப்பு நிதி பிரிக்க முடியாதது என்று எழுதினால் போதாது, கலைத்தாலும் பிரிக்க முடியாது என்று எழுத வேண்டும். பிரிட்டனின் வீட்டுக்கடன் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நிதி வைத்திருந்தன. 1986 சட்டம் அவற்றை கம்பெனியாக மாற்றிக்கொள்ள வழிவிட்டது. 1989இல் ஒன்று மாறியது, 1990களில் வரிசையாக மாறின. அன்றைய உறுப்பினர்களுக்கு இலவசப் பங்கு கிடைத்தது. அப்படி மாறியவற்றில் ஒன்றுகூட இன்று தனி நிறுவனமாக இல்லை. இத்தாலியில் இது நடக்காததற்குக் காரணம் விதிதான்: ஆண்டு உபரியில் குறைந்தது 30 சதவீதம் பிரிக்க முடியாத நிதிக்கு, அதற்கு 1977 முதல் வரிச் சலுகை, 1992 முதல் 3 சதவீதம் கூட்டுறவு வளர்ச்சி நிதிக்கு. கலைத்தால் மிச்சம் அந்த வளர்ச்சி நிதிக்குப் போகும். அதனால் விற்றுப் பங்கு போடும் ஆசைக்கு அங்கே வேலை இல்லை.

உலைக்களம்

பேரேடு தோழர் சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் இல்லாமல் உடன்பாடு, அது மணி நேர விகிதம். மொண்ட்ராகனில் சம்பளப் படிநிலையின் விகிதத்தில்தான் எழுதுகிறார்கள். சம்பளத்தில் ஏற்கெனவே இருக்கும் இடைவெளி அதனால் மூலதனத்திலும் ஏறிக்கொள்ளும். மணி நேரமே நியாயம்.

நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது "இந்தப் பட்டறை எவ்வளவு பெறும்?" அல்ல, "எவ்வளவு கடனைத் திருப்பிக் கட்டும்?" என்பதே.

எந்திர மாற்று ஒதுக்கம் போக ஆண்டுக்கு 100 ரொக்கம் நிற்கிறது என்று வையுங்கள். தவணையை அதன் முழு அளவுக்கு வைத்தால் ஒரு மோசமான காலாண்டு போதும், படுத்துவிடும். ரொக்கம் தவணையைப் போல 1.25 மடங்காவது இருக்க வேண்டும், அப்படியானால் தவணை 80. ஆண்டுக்கு 80 வீதம் 7 ஆண்டு, 9 சதவீத வட்டி என்றால் தாங்கும் கடன் ஏறத்தாழ 400. உறுப்பினர்கள் சேர்ந்து 50 போடுகிறார்கள். ஆக மொத்தம் 450.

இங்கேதான் பலர் 450ஐயும் விலையாகக் கொடுத்துவிடுகிறார்கள். நடைமுறை மூலதனம் மறந்துபோகிறது. மாதச் செலவு 50 (பொருள் 30, சம்பளம் 20) என்போம். வாடிக்கையாளர் 60 நாள் கழித்துப் பணம் தருகிறார், இரண்டு மாதச் செலவான 100 வெளியே நிற்கும். ஒரு மாத மூலப்பொருள் கையிருப்பு 30. பழைய உரிமையாளருக்குப் பொருள் தருபவர்கள் 30 நாள் கடன் கொடுத்தார்கள், அவருக்கு 100 போதுமாக இருந்தது. புதுப் பெயரில் வரும் கூட்டுறவுக்கு அந்தக் கடனை முதல் ஆண்டு யாரும் தர மாட்டார்கள். உங்களுக்கு 130 வேண்டும். ஆகவே பட்டறைக்குக் கொடுக்கக்கூடிய உச்ச விலை 320. பழைய உரிமையாளருக்கு வரவேண்டிய பாக்கிகளையும் சேர்த்து வாங்கினால் கணக்கு மாறும், ஆனால் அதில் எது வசூலாகும் என்று ஒவ்வொரு பில்லாகப் பார்க்க வேண்டும்.

450ஐ அடுக்கும் வரிசை: கீழே உறுப்பினர் பணம், முதல் நட்டம் அதற்கு. அதற்கு மேல் உரிமையாளரே விலையில் ஒரு பகுதியைத் தவணையில் வாங்கிக்கொள்ளும் கடன். வங்கிக்குப் பின்னால்தான் அவருக்கு வரும், அவருக்கு ஓட்டும் கிடையாது, ஆலோசகர் நாற்காலியும் ஓராண்டுக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் கூட்டுறவு வளர்ச்சி நிதி இருந்தால் அது. உச்சியில் எந்திரத்தின் மீது ஈடு வாங்கும் வங்கி. உறுப்பினர்களின் வீட்டையோ நகையையோ தனி ஈடாகக் கேட்கும் வங்கிக் கடனுக்குச் சம்மதிக்காதீர்கள். ஈடு கொடுத்த ஐந்து பேரின் குரல் பொதுக்குழுவில் மற்ற 35 பேரைவிடக் கனமாகிவிடும், ஓட்டு சமமாக இருந்தாலும்.

அரசுச் சட்டம் உதவிய இடங்களில் வேகம் கூடியிருக்கிறது. இத்தாலியின் 1985 மார்க்கோரா சட்டம் ஆலையை மீட்கும் தொழிலாளர் கூட்டுறவுக்கென்று தனி நிதியே அமைத்தது. வேலையிழப்பு உதவித்தொகையை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி மூலதனமாகப் போடவும் அங்கே வழி உண்டு. ஸ்பெயினிலும் அதே 1985 முதல் அதுபோன்ற வழி. அர்ஜென்டினாவில் 2001 நெருக்கடியில் கைவிடப்பட்ட ஆலைகளைத் தொழிலாளர்கள் ஓட்டத் தொடங்கினார்கள்; நியூக்கென் நகரில் ஸனோன் பீங்கான் ஓடு ஆலை அவற்றில் பேர்பெற்றது. 2011இல் அங்கே திவால் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலாளர்களுக்கு வரவேண்டிய சம்பள பாக்கியையும் இழப்பீட்டையும் ஆலையின் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று வந்தது.

அர்ஜென்டினாவிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. நடைமுறை மூலதனம் இல்லாத ஆலைகள் கூலிக்கு வேலை எடுத்தன: பொருள் வாடிக்கையாளருடையது, ஆலை செய்து மட்டும் கொடுக்கும். நாளைக்கே ஓடத் தொடங்கலாம், அதுவரை நல்லது. ஆனால் பொருளைத் தருபவரே விலையையும் வேகத்தையும் வைப்பார், வாசல் வழியே போன முதலாளி ஜன்னல் வழியே வந்துவிடுகிறார். மொத்த விற்பனையில் கூலி வேலையின் பங்கு எவ்வளவு என்று மாதாமாதம் பாருங்கள், ஒரே வாடிக்கையாளரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தொட்டாலே பொதுக்குழுவில் வைத்துப் பேசுங்கள்.

நெசவுத்தறி

இருவருக்கும் மிக்க நன்றி. இந்தக் கணக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கூலியாட்கள் பற்றியும், கடைசிக் கேள்வி பற்றியும் யாராவது சொல்லுங்கள். மொண்ட்ராகனே வெளிநாடுகளில் கூலியாட்களை வைத்துத்தான் நடத்துகிறது என்று படிக்கும்போது மனசு விட்டுப்போகிறது.

உப்பளம்

படித்தது சரிதான். மொண்ட்ராகன் கூட்டுறவுகளின் வெளிநாட்டுக் கிளை ஆலைகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் இல்லை. அவர்கள் உருவாக்கும் உபரி உறுப்பினர்களின் கணக்கில் ஏறுகிறது. நல்ல மனசு இதைத் தடுக்காது, விதிதான் தடுக்கும்.

துணைவிதியில் இப்படி வையுங்கள். தகுதிகாண் காலம் 6 மாதம், எக்காரணம் கொண்டும் 12 மாதத்தைத் தாண்டாது. முடிந்ததும் நிர்வாகக் குழு சேர்க்க வேண்டும், அல்லது காரணத்தை எழுதிக் கொடுத்து விடுவிக்க வேண்டும். "அப்படியே இருக்கட்டும்" என்ற மூன்றாவது வாசல் கிடையாது. நுழைவுத் தொகை சில மாதச் சம்பள அளவு, 3 ஆண்டுத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் ஓட்டு முதல் தவணையோடே. உறுப்பினர் அல்லாதவர் உழைத்த மணி நேரம் மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதையெல்லாம்விட நல்ல பூட்டு ஒன்று இருக்கிறது: கூலியாள் உழைத்த மணிக்கும் உபரியில் அதே பங்கை எழுதி ஒரு தற்காலிகக் கணக்கில் வையுங்கள். அவர் உறுப்பினரானால் அது அவருடைய நுழைவுத் தொகை. இல்லையென்றால் பொது நிதிக்கு. இனி கூலியாளை வைத்துக்கொள்வதில் உறுப்பினர்களுக்கு ஒரு காசு லாபம் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் ஆசை தங்காது.

சம்பள இடைவெளி. மொண்ட்ராகன் 3க்கு 1 என்று தொடங்கிப் பின்னால் 6க்கு 1 வரை தளர்த்தியது. 40 பேர் பட்டறைக்கு 3 தாராளம். விகிதத்தை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை என்று வையுங்கள், ஏனென்றால் "இந்த ஒரு பொறியாளரை இழந்துவிடுவோம்" என்ற அவசரத்தில்தான் அது தளரும்.

1974ஐ மறக்கக்கூடாது. உல்கோரில் வேலைத் தர மதிப்பீட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது, முன்னின்றவர்கள் நீக்கப்பட்டார்கள்; சில ஆண்டுகளுக்குப் பிறகே அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முடிவானது. உரிமையாளராகத் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவிடமே தொழிலாளியாகவும் முறையிட வேண்டியிருப்பதுதான் சிக்கல். ஆகவே நிர்வாகக் குழுவிலிருந்து தனியான தொழிலாளர் மன்றம் வேண்டும்: வேலை வேகம், பாதுகாப்பு, தண்டனை எல்லாம் அதன் கையில். தொழிற்சங்கமும் இருக்கட்டும். மேலாளரைப் பொதுக்குழு நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிர்வாகக் குழு நியமிக்கட்டும், நீக்கட்டும், பொதுக்குழு அந்தக் குழுவை மாற்றட்டும்.

கணக்கு திறந்திருக்கிறது என்றால் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்வதல்ல. மாதம் ஐந்து எண், சுவரில்: கை ரொக்கம், வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, கையில் உள்ள ஆர்டர், செய்த வேலையில் திரும்பி வந்தது. இந்த ஐந்தை எல்லோரும் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் அந்த 100 கல்வி நிதி.

மொண்ட்ராகனின் ஃபாகோர் வீட்டு உபகரண கூட்டுறவு 2013இல் திவாலானது பற்றியும் ஒரு வார்த்தை. 2005இல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தைக் கடனோடு வாங்கினார்கள், 2008க்குப் பின் ஸ்பெயினில் வீடு கட்டுவது நின்றது, அடுப்பும் குளிர்பெட்டியும் விற்கவில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோரை மற்ற கூட்டுறவுகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன, அல்லது முன் ஓய்வு கிடைத்தது. ஆனால் மூலதனக் கணக்கில் இருந்த பணம் போனது. மூலதனக் கணக்கு ஓய்வூதியம் அல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டாம். ஓய்வூதியத்தை வெளியே, வேறு நிதியில் வையுங்கள். மொண்ட்ராகனுக்கு லகுன் ஆரோ என்ற தனிச் சமூகப் பாதுகாப்பு அமைப்பு இருந்ததால்தான் அந்தக் குடும்பங்கள் நிமிர்ந்து நின்றன.

கலங்கரை

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சந்தையில் போட்டி போடும் கூட்டுறவு தன் உறுப்பினர்களையே கசக்க வேண்டிவரும் என்று மார்க்சியச் சிந்தனையாளர் ரோசா லக்சம்பர்க் 19ஆம் நூற்றாண்டு முடியும்போதே எச்சரித்தார். அந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒற்றைப் பட்டறைக்கு அதற்குப் பதில் இல்லை. பல கூட்டுறவுகள் சேர்ந்து அமைக்கும் இரண்டாம் அடுக்கு அமைப்பிடம்தான் இருக்கிறது.

மொண்ட்ராகன் வளர்ந்ததற்கு நான் கொடுக்கும் முதல் காரணம் 1959இல் தொடங்கிய காஹா லபோரல் என்ற கூட்டுறவு வங்கி. ஊர்ச் சேமிப்பை எடுத்துக் கூட்டுறவுகளுக்கே கொடுத்தது. அதற்குள் ஒரு தொழில் பிரிவு இருந்தது: புதுக் கூட்டுறவின் திட்டத்தை மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிபார்க்கும், சறுக்கும் கூட்டுறவுக்கு மேலாளரை அனுப்பும். பின்னாளில் அது சாதாரண வங்கியைப் போல ஆகிவிட்டது, அந்தக் கை விலகிவிட்டது. கூட்டுறவுகள் லாபத்தில் 10 சதவீதம் பொது முதலீட்டு நிதிக்குக் கொடுப்பது தொடர்ந்தது. உங்கள் 40 பேர் பட்டறை முதல் ஆண்டிலேயே அதுபோன்ற ஒரு கூட்டமைப்பைத் தேட வேண்டும். இல்லையென்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து உருவாக்க வேண்டும். மூலப்பொருள் கொள்முதல், கடனுக்கு ஒருவருக்கொருவர் பிணை, மந்தத்தில் ஆட்களை மாற்றிக்கொள்வது: இந்த மூன்றோடு தொடங்கினால் போதும்.

சந்தையின் இன்னொரு பாதி பொதுப்பணம். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நகராட்சி, கல்லூரி, காவல்துறை போன்றவை தங்கள் கொள்முதலை ஆராய்ந்து ஒப்பந்தங்களைச் சிறு துண்டுகளாக்கின. 2012-13இல் அவற்றின் செலவில் நகருக்குள் நின்றது 5 சதவீதம், 2016-17இல் 18 சதவீதம். பெரிய ஒப்பந்தத்தை உடைக்காமல் "உள்ளூருக்கு முன்னுரிமை" என்று மட்டும் எழுதினால் பலன் இல்லை. சின்ன நிறுவனத்தால் அந்த டெண்டர் படிவத்தையே நிரப்ப முடியாது.

நாடு தழுவிய முயற்சி தோற்ற கதையையும் படிக்க வேண்டும். ஸ்வீடனில் பொருளியலாளர் ருடால்ஃப் மெய்ட்னர் தயாரித்த திட்டத்தைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1976இல் ஏற்றது. பெரிய கம்பெனிகள் ஆண்டு லாபத்தில் 20 சதவீதத்தைப் புதுப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும். பணம் வெளியே போகாது, உரிமை மட்டும் மெல்ல மாறும். கணக்காக அழகான திட்டம். ஆனால் தனித் தொழிலாளிக்குத் தன் பெயரில் எதுவும் தெரியவில்லை. நிதியை ஆள்வது சங்கத் தலைமை என்றே பட்டது. முதலாளிகள் 1983 அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோமில் மாபெரும் ஊர்வலம் நடத்தினார்கள். திட்டத்தை ஆதரித்து அவ்வளவு பேர் தெருவுக்கு வரவில்லை. நீர்த்துப்போன வடிவம் சட்டமாகி, 1990களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டது. பேரேடு தோழர் சொன்ன தனிக் கணக்கு அந்த நிதிக்குள் இருந்திருந்தால் அதைக் காக்க ஆள் இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நெசவுத்தறி

ஒரே ஒரு கேள்வி மிச்சம். துணைவிதி எல்லாவற்றையும் பொதுக்குழு திருத்தலாம் என்றால், சொத்துப் பூட்டையும் (கலைத்தாலும் பொது நிதியைப் பிரிக்கக்கூடாது என்ற விதி) ஒருநாள் கை தூக்கித் திறந்துவிடலாம் அல்லவா?

பேரேடு

திறக்கலாம். அதனால் அந்த விதியின் சாவியை உள்ளே வைக்கக்கூடாது. மற்ற விதிகளுக்கு மூன்றில் இரண்டு போதும். காப்பு நிதி, கலைப்பு, ஒருவருக்கு ஒரு ஓட்டு ஆகிய மூன்று விதிகளையும், திருத்தம் பற்றிய விதியையும் மாற்ற: மொத்த உறுப்பினரில் (வந்தவரில் அல்ல) ஐந்தில் நான்கு பேர், 6 மாத இடைவெளியில் இரண்டு பொதுக்குழு, அதன் பிறகு கலங்கரை சொன்ன கூட்டமைப்பின் எழுத்துப்பூர்வமான சம்மதம். கூட்டமைப்புக்கு வேறு எதிலும் ஓட்டு வேண்டாம், இதில் மட்டும் மறுக்கும் உரிமை. பதிவு செய்யும் சட்டம் அப்படி வெளியாருக்கு மறுப்புரிமை தர அனுமதிக்கவில்லை என்றால், நிலத்தையும் கட்டடத்தையும் கூட்டமைப்பின் அறக்கட்டளை பெயரில் வாங்கி, பட்டறைக்கு நீண்ட குத்தகைக்கு விடுங்கள். குத்தகை ஒப்பந்தத்தில் "கூட்டுறவாக இருக்கும் வரை" என்று ஒரு வரி.

அந்த வரியை வங்கி முதலில் எதிர்க்கும், ஈட்டின் மதிப்பு குறைகிறது என்று. ஆகவே கடன் பேசுவதற்கு முன்பே குத்தகையைப் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் சேர்க்க விடமாட்டார்கள்.